முதல் வேலையில் சேரும் இளம் பொறியாளர்கள் கையெழுத்திடும் முன் அறிய வேண்டியவை

பட்டமளிப்பு விழாவில் எடுத்த படம் வரவேற்பறைச் சுவரில் ஏறிவிட்டது. அடுத்ததாக நியமனக் கடிதமும் வந்துவிட்டது. "சம்பளம் எவ்வளவு?" என்று அம்மா கேட்கிறார். "நிரந்தர வேலையா?" என்று அப்பா கேட்கிறார். இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் பொறியாளராக முதல் வேலைக்குப் போகும் பிள்ளை இன்னும் சில கேள்விகளுக்கும் விடை தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நம் குடும்பங்கள் பலவற்றில் பொறியாளர் என்று முதன்முதலாக வேலைக்குப் போவது இந்தத் தலைமுறைதான். தோட்டத்தில் பால் வெட்டிய தாத்தாவோ, தொழிற்சாலையில் ஆபரேட்டராக இருந்த அம்மாவோ உழைப்பைப் பற்றி நிறையச் சொல்லித் தர முடியும். வேலை ஒப்பந்தம், வாரியப் பதிவு, அறிக்கையில் போடும் கையெழுத்து ஆகியவற்றைப் பற்றிச் சொல்லித் தர வீட்டில் ஆள் இருக்காது. அந்தக் குறையை ஓரளவு தீர்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். இங்குக் கூறப்படும் வேலைச் சட்ட விவரங்கள் தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் பொருந்தும். சபா, சரவாக்கில் தனிச் சட்டங்கள் உள்ளன.

நியமனக் கடிதம்

ஒரு மாதத்திற்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் கூறுகிறது. "முதலில் வந்து சேருங்கள், கடிதம் பிறகு தருகிறோம்" என்று யாராவது சொன்னால், பணிவாக, ஆனால் விடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிடைத்த கடிதத்தை அங்கேயே நின்று கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஓரிரு நாள் அவகாசம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கடிதத்தில் கவனிக்க வேண்டியவை இவை:

பதவியின் பெயர். பொறியாளரா, உதவிப் பொறியாளரா, டெக்னீஷியனா, வெறும் எக்சிகியூட்டிவ் என்று போட்டிருக்கிறதா? பின்னாளில் அனுபவத்தை நிரூபிக்க வேண்டிவரும்போது இந்தப் பெயரும் பார்க்கப்படும்.

அடிப்படைச் சம்பளமும் அலவன்சும். "மொத்தம் 3,200" என்று வாயால் சொல்லியிருப்பார்கள். கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 2,600, மற்றவை அலவன்ஸ் என்று இருக்கலாம். போனசும் சம்பள உயர்வும் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன.

வேலை இடம். இன்று பாயான் லெப்பாஸ், அடுத்த மாதம் பாசிர் கூடாங் என்று மாற்றும் உரிமையை நிறுவனம் கடிதத்தில் எழுதி வைத்திருக்கலாம். அப்படியானால் தங்குமிடச் செலவு யாருடையது என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

தகுதிகாண் காலம். வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம் இருக்கும். இந்தக் காலத்தில் இபிஎஃப், சொக்சோ கிடையாது என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. சந்தா முதல் மாதத்திலிருந்தே கட்டப்பட வேண்டும். தகுதிகாண் காலத்தில் இருப்பவரையும் தகுந்த காரணமின்றி நீக்கக் கூடாது.

விலகல் நோட்டீஸ். கடிதத்தில் எதுவும் குறிப்பிடாவிட்டால், இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு நான்கு வார நோட்டீஸ் என்பது சட்டம். கடிதத்தில் மூன்று மாதம் என்று இருந்தால், அது உங்களையும் கட்டுப்படுத்தும் என்பதை நினைவில் வையுங்கள்.

பயிற்சி ஒப்பந்தம். வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பும் சில நிறுவனங்கள், குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று 'பாண்ட்' எழுதி வாங்குகின்றன. தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டு, ஆண்டுக்கு ஆண்டு குறையுமா என்பவற்றைப் படித்துப் பார்க்காமல் ஒப்பமிடாதீர்கள்.

சம்பளச் சீட்டு

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மாதச் சம்பளம் 3,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். இபிஎஃப் எனப்படும் ஊழியர் சேமநிதிக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு, அதாவது 330 ரிங்கிட். சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதித் திட்டத்திற்கும் சேர்த்து ஏறக்குறைய 20 ரிங்கிட் பிடிபடும். கையில் வருவது 2,650 ரிங்கிட் அளவில் இருக்கும். திருமணமாகாத ஒருவருக்கு இந்தச் சம்பளத்தில் வருமான வரிப் பிடித்தம் பொதுவாக வராது.

முதலாளி தம் பங்காக இபிஎஃப்-இல் 13 விழுக்காடு, அதாவது 390 ரிங்கிட் கட்ட வேண்டும். 5,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்குவோருக்கு இந்த விகிதம் 12. ஆக, மாதம் 720 ரிங்கிட் உங்கள் பெயரில் சேர வேண்டும். சேர்கிறதா என்று இபிஎஃப் செயலியில் மாதந்தோறும் பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டிவிட்டு, வாரியத்தில் பணம் கட்டாத முதலாளிகளும் உண்டு. இரண்டு ஆண்டு கழித்துக் கண்டுபிடிப்பதைவிட இரண்டாவது மாதத்தில் கண்டுபிடிப்பது நல்லது.

2024 மே மாதம் முதல் இபிஎஃப் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்படுகிறது. ஓய்வுக்காலக் கணக்கில் 75 விழுக்காடும், நலக் கணக்கில் 15 விழுக்காடும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கில் 10 விழுக்காடும் சேர்கின்றன. எடுக்க முடியும் என்பதற்காக மாதாமாதம் எடுத்துவிடாதீர்கள்.

சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் கைக்கு வந்துவிட வேண்டும். சம்பளச் சீட்டுகளை முதல் மாதத்திலிருந்தே சேர்த்து வையுங்கள். வீட்டுக் கடனுக்கும் காருக்கும் மட்டுமல்ல, தகராறு என்று வந்தால் அவைதான் சாட்சி.

பிடிபிடிஎன் கடன் வாங்கிப் படித்தவர்கள், சம்பளம் வரத் தொடங்கியதும் அதைத் திருப்பிச் செலுத்தும் ஏற்பாட்டையும் செய்துவிடுங்கள். தவணை தவறினால் அது வங்கிகள் பார்க்கும் கடன் பதிவில் தெரியும். வேலையில் சேர்ந்த மூன்றாவது மாதமே புதுக் கார் எடுக்கும் ஆசையை ஓராண்டு தள்ளிப் போடுங்கள்.

வேலை நேரம், விடுப்பு

2023 ஜனவரி முதல் நாளிலிருந்து வார வேலை நேரம் 45 மணிக்கு மேற்போகக் கூடாது. வேலைச் சட்டம் இப்போது எல்லாச் சம்பள நிலையினருக்கும் பொருந்தும். ஆனால் சட்டப்படியான ஓவர்டைம் சம்பளம் 4,000 ரிங்கிட் வரை வாங்குவோருக்கு மட்டுமே உண்டு. "நீ பொறியாளர், உனக்கு ஓவர்டைம் கிடையாது" என்று சொல்லப்பட்டால், பதவியின் பெயரைப் பார்க்காமல் சம்பளத் தொகையைப் பாருங்கள்.

கணக்கு எளிது. 3,000 ரிங்கிட்டை 26 நாளால் வகுத்து, பின்னர் 8 மணியால் வகுத்தால் ஒரு மணி நேரத்திற்கு 14 ரிங்கிட் 42 சென். சாதாரண வேலை நாளில் ஓவர்டைம் இதன் ஒன்றரை மடங்கு, அதாவது 21 ரிங்கிட் 63 சென். பொது விடுமுறையில் வழக்கமான நேரத்துக்கு மேல் வேலை செய்தால் மூன்று மடங்கு. ஒரு மாதத்தில் 104 மணிக்கு மேல் ஓவர்டைம் செய்யச் சொல்லக் கூடாது.

முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டு விடுப்பு குறைந்தது 8 நாள், மருத்துவ விடுப்பு 14 நாள், மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் தனியாக 60 நாள். ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள். பிரசவ விடுப்பு 98 நாள். தீபாவளிக்கு முந்திய நாள் ஆலையை மூட முடியாது என்பார்கள். ஆண்டுத் தொடக்கத்திலேயே விடுப்பு விண்ணப்பித்துவிடுங்கள். சீனப் பெருநாளிலும் நோன்புப் பெருநாளிலும் மற்றவர்களுக்காக நீங்கள் வேலைக்கு நின்றால், தீபாவளிக்கு உங்களுக்காக ஒருவர் நிற்பார்.

வாரியத்தில் பதிவு

பட்டம் கையில் இருந்தால் மட்டும் போதாது. 1967ஆம் ஆண்டுப் பொறியாளர் பதிவுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மலேசியப் பொறியாளர் வாரியத்தில், அதாவது பிஇஎம்-இல், பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். உங்கள் பட்டப்படிப்பு, பொறியியல் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம் பெற்றதாக இருப்பது முக்கியம். 2009 முதல் மலேசியா வாஷிங்டன் உடன்பாட்டின் முழு உறுப்பு நாடாக இருப்பதால், இத்தகைய பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் கருத்தில் கொள்கின்றன.

பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் பெற்றவர்கள் மனம் தளர வேண்டாம். அவர்கள் பிஇஎம்-இல் பொறியியல் தொழில்நுட்பவியலாளராகப் பதியலாம். 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியத்திலும், அதாவது எம்போட்டிலும், பதிய வழி உண்டு. எந்தப் பட்டம் எந்த வழிக்கு உரியது என்பதைப் படித்த பல்கலைக்கழகத்திலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்தவர், குறைந்தது மூன்று ஆண்டு நடைமுறை அனுபவம் பெற்று, தொழில்முறை மதிப்பீட்டுத் தேர்வில் தேறினால் தொழில்முறைப் பொறியாளர் ஆகலாம். பெயருக்கு முன் 'ஐஆர்' என்று போட்டுக்கொள்ளும் தகுதி அப்போது வருகிறது. தொழில் செய்யும் சான்றிதழ் வேண்டுமானால் அதற்கு மேலும் ஒரு தேர்வு இருக்கிறது. கட்டட வரைபடங்களைப் பொறுப்பேற்று ஊராட்சி மன்றத்தில் சமர்ப்பிக்கும் அதிகாரம் அந்தச் சான்றிதழ் பெற்றவருக்கே உரியது.

"இதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டவர்கள் பலர். பத்தாண்டு கழித்து விண்ணப்பிக்கும்போது, அன்று மேற்பார்வை செய்தவர் வேறு நாட்டில் இருப்பார். அன்று வேலை செய்த நிறுவனமே மூடப்பட்டிருக்கும். முதல் ஆண்டிலேயே பதிவை முடித்துவிடுங்கள். நிறுவனத்தில் உங்கள் துறையைச் சேர்ந்த தொழில்முறைப் பொறியாளர் இல்லாவிட்டால், 1959இல் தொடங்கப்பட்ட மலேசியப் பொறியாளர் கழகத்தில், அதாவது ஐஇஎம்-இல், வழிகாட்டி ஒருவரை ஏற்பாடு செய்துகொள்வது பற்றி விசாரியுங்கள்.

சில துறைகளில் தனிச் சான்றிதழ்களும் உண்டு. பாய்லர் இயங்கும் செம்பனை ஆலைகளுக்கு, டோஷ் எனப்படும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் நீராவிப் பொறியாளர் தகுதிச் சான்றிதழ் பெற்றவர்கள் தேவை. தோட்டத்தில் அப்பா குலை ஏற்றிய லாரி போய்ச் சேர்ந்த அதே ஆலையில், மகன் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து, பாய்லரில் பெற்ற அனுபவத்தைப் பதிந்து, இந்தத் தேர்வை எழுதலாம். மின்துறையில் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் இருக்கிறது.

தினக்குறிப்பு

ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி எழுதுங்கள். தேதி, இடம், செய்த வேலை, எடுத்த அளவு, யார் என்ன உத்தரவு தந்தார், எதில் சந்தேகம் வந்தது, யாரிடம் கேட்டுத் தெளிந்தேன் என்பவை போதும். நிறுவனத்தின் இரகசியத் தகவல்களை வெளியே கொண்டுபோகாதீர்கள். உங்கள் சொந்த வேலையின் விவரம் மட்டும் இருக்கட்டும்.

இதனால் மூன்று பயன்கள். மூன்று ஆண்டு கழித்துத் தொழில்முறைத் தேர்வுக்கு அறிக்கை எழுதும்போது இதுவே மூலம். ஒரு பழுது மீண்டும் வரும்போது, போன முறை என்ன செய்தோம் என்று கண்டுபிடிக்கலாம். "அப்படி நான் சொல்லவில்லையே" என்று மேலதிகாரி ஒரு நாள் சொன்னால், தேதியும் நேரமும் உங்கள் கையில் இருக்கும். வாய்மொழியாக வந்த முக்கிய உத்தரவை, "இன்று நீங்கள் சொன்னபடி இதைச் செய்கிறேன்" என்று ஒரு சிறு மின்னஞ்சலில் உறுதிப்படுத்தும் பழக்கமும் நல்லது.

களத்தில் இருப்பவர்கள்

புதிதாகச் சேர்ந்த பொறியாளருக்கு 23 வயது. அவருக்குக் கீழே வேலை செய்யும் ஃபிட்டருக்கு 55 வயது இருக்கலாம். பம்ப் ஓடும் சத்தத்தை வைத்தே பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார் அவர். அவரை அண்ணே, அபாங், அங்கிள் என்று அழைத்து, "இது ஏன் இப்படி ஆகிறது, காட்டுங்களேன்" என்று கேட்பதால் பொறியாளரின் மதிப்பு குறையாது. காரணத்தைக் கணக்குப் போட்டு விளக்குவது உங்கள் வேலை. இருவருக்கும் ஒருவர் மற்றவர் தேவை.

மலாயில் சரளமாகப் பேசப் பழகுங்கள். கட்டுமானத் தளங்களில் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் இருப்பார்கள். பாதுகாப்பு உத்தரவு அவர்களுக்குப் புரிந்ததா என்று உறுதிசெய்யுங்கள். தலையாட்டிவிட்டார் என்பதால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பாதுகாப்பு

கட்டுமானத் தளத்திற்குள் போக வேண்டுமானால், சிஐடிபி எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் பச்சை அட்டை வேண்டும். பொறியாளருக்கும் இது உண்டு. பாதுகாப்புத் தொப்பி, காலணி, கண்ணாடி ஆகியவற்றை நீங்களே அணியாமல் தொழிலாளர்களை அணியச் சொல்ல முடியாது.

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தங்கள் 2024 ஜூன் முதல் நாள் நடப்புக்கு வந்தன. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் ஊழியர், முதலாளி நடவடிக்கை எடுக்காதபோது அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையை அது தெளிவாகத் தருகிறது. மூடிய தொட்டிக்குள் காற்றைச் சோதிக்காமல் இறங்கச் சொன்னால், மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடாமல் இயந்திரத்தில் கை வைக்கச் சொன்னால், மறுக்கலாம். பிறரை அப்படி இறங்கச் சொல்ல மறுக்கும் பொறுப்பும் உங்களுக்கு இருக்கிறது.

வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கும் சொக்சோவின் வேலைப் பாதிப்புத் திட்டத்தில் பாதுகாப்பு உண்டு. மோட்டார் சைக்கிளில் போகும் நம் பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் போலீஸ் புகாரும் மருத்துவச் சான்றும் பத்திரமாக இருக்கட்டும். வழக்கமான பாதையை விட்டுச் சொந்த வேலையாக வேறு இடத்துக்குப் போயிருந்தால் கோரிக்கை சிக்கலாகலாம்.

பார்க்காததில் கையெழுத்திடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால், அது இதுவாக இருக்கட்டும்.

1993 டிசம்பர் 11ஆம் நாள், ஹுலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டனர். பின்னால் இருந்த மலைச்சரிவும் நீர் வடியும் அமைப்பும் வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டன. 2000ஆம் ஆண்டு உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் பொறுப்பாக்கப்பட்டவர்களுள் பொறியாளரும் ஒருவர். அங்கீகரிக்கப்பட்ட வடிகால் வேலையில் சிறு பகுதியே முடிந்திருந்த நிலையில், வேலை முடிந்துவிட்டதாக அதிகாரிகளுக்கு உறுதிக் கடிதம் தரப்பட்டிருந்தது என்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

முதல் ஆண்டில் உங்கள் கைக்கு இவ்வளவு பெரிய கடிதம் வராது. சோதனைப் பட்டியல், கான்கிரீட் வார்ப்பதற்கு முந்திய பரிசோதனைப் படிவம், இயந்திரப் பராமரிப்பு அட்டை, பொருள் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு என்று சிறுசிறு தாள்களே வரும். "எல்லாம் சரியாகத்தான் இருக்கும், போட்டுக் கொடு தம்பி" என்பார்கள். "போன மாதத் தேதி போடு" என்பார்கள். பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

"நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து போடுகிறேன், சார்" என்று சொல்லிப் பழகுங்கள். சண்டை போடாமல் தப்பிக்க இந்த ஒரு வாக்கியம் போதும். பார்க்க நேரம் தரவில்லை என்றால், எதைப் பார்த்தீர்களோ அதற்கு மட்டும் கையெழுத்திட்டு, பார்க்காததை 'பார்க்கவில்லை' என்று எழுதிவிடுங்கள். அன்றைய தினக்குறிப்பிலும் அது ஏறட்டும். இதனால் யாராவது முகம் சுளிக்கலாம். தவறான தாளில் இருக்கும் உங்கள் பெயரை மட்டும் பிறகு எவராலும் அழித்துத் தர முடியாது.

பிரச்சினை வந்தால்

சம்பளம், ஓவர்டைம், விடுப்பு தொடர்பான புகார்களைத் தொழிலாளர் துறையில் கொடுக்கலாம். அங்கு வழக்கறிஞர் தேவையில்லை. நியாயமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டால், 60 நாளுக்குள் தொழிலுறவுத் துறையில் முறையீடு செய்ய வேண்டும். அந்த நாள் கணக்கு தவறினால் வழி அடைபட்டுவிடும். பாலியல் தொல்லை பற்றிய புகாரை முதலாளி விசாரிக்கக் கடமைப்பட்டவர். விசாரிக்க மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தளத்தில் தனியொரு பெண்ணாக வேலை செய்யும் நம் பெண் பொறியாளர்கள் இதை மனத்தில் கொள்ளுங்கள்.

வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வருவது எப்போதும் கடைசி வழியாக இருக்கட்டும். விலக முடிவு செய்தால், முறையாக நோட்டீஸ் கொடுத்து, பொறுப்புகளை ஒப்படைத்து, அனுபவக் கடிதம் வாங்கிக்கொண்டு வெளியேறுங்கள்.

முதல் மாதத்தில் முடிக்க வேண்டியவை

நியமனக் கடிதத்தின் இரு தரப்பும் ஒப்பமிட்ட நகல் வீட்டில் இருக்கிறதா? இபிஎஃப் கணக்கில் முதல் சந்தா ஏறிவிட்டதா? சொக்சோவில் பெயர் பதிவாகியிருக்கிறதா? வாரியப் பதிவுக்கு விண்ணப்பித்தாயிற்றா? பச்சை அட்டை தேவையென்றால் எடுத்தாயிற்றா? தினக்குறிப்பின் முதல் பக்கம் எழுதப்பட்டுவிட்டதா? தளத்தில் அவசர நேரத்தில் எங்கே கூட வேண்டும் என்று தெரியுமா?

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை வேலை முடிந்து அலுத்து வரும்போது சம்பள உயர்வு எப்போது என்று கேட்பதற்கு முன், "இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேளுங்கள். சம்பள நாளில் கைநாட்டு வைத்துக் கூலி வாங்கியவர்கள் நம் முன்னோரில் பலர். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை. பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. படித்துப் பார்த்து, நேரில் போய்ப் பார்த்து, பிறகே அவர்கள் கையெழுத்திடட்டும்.